ஜன்னல் வெளிச்சத்தின் கணக்கு: பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு

பாலு மகேந்திராவைப் பற்றிப் பேச்சு வந்தால் "லைட்டே போடாம எடுப்பார்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பாராட்டாகச் சொல்வதுதான், ஆனால் பாதி உண்மை. 1970களில் கிடைத்த நெகடிவை (கேமராவில் ஓடும் ஃபிலிமை) வைத்துக்கொண்டு ஒரு சாதாரண வீட்டுக்குள் லைட் போடாமல் எடுக்கக்கூடிய நேரம் பகலில் சில மணி நேரம்தான். அந்த நேரம் எது, எந்த ஜன்னல், நடிகை அதிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார வேண்டும், முகத்தின் இருண்ட பக்கம் எவ்வளவு இருளலாம் என்று எல்லாவற்றையும் முதல் நாளே முடிவு செய்திருந்தால் மட்டும்தான் மறுநாள் லைட் வண்டியைத் திருப்பி அனுப்ப முடியும். திரையில் தெரியும் எளிமைக்குப் பின்னால் இருந்தது இந்த வேலைதான்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1939 மே 20 அன்று இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969-இல் தங்கப் பதக்கத்துடன் வெளியே வந்தார். ராமு காரியாட் இயக்கிய 'நெல்லு' (1974) வழியாக மலையாளத்தில் ஒளிப்பதிவாளர் ஆனார். கேரள அரசின் விருதும் அதற்குக் கிடைத்தது. இயக்குநராக முதல் படம் 1977-இல் கன்னடத்தில் எடுத்த 'கோகிலா'. அதன் ஒளிப்பதிவுக்கு தேசிய விருது. ஐந்து ஆண்டு கழித்து 'மூன்றாம் பிறை'க்கு இன்னொன்று. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978), கே. விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்' (1980), மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' (1983) ஆகிய மூன்றுக்கும் கேமரா இவருடையது. மூன்று பேரின் பார்வையும் வேறு வேறு, மொழியும் வேறு வேறு. ஆனாலும் ஒரு ஃப்ரேமைத் தனியே எடுத்து வைத்தால் யார் எடுத்தது என்று தெரிந்துவிடும்.

ஏன் தெரிகிறது என்பதற்கு அவருக்கு முந்தைய ஸ்டுடியோ வழக்கத்தைப் பார்க்க வேண்டும். கோடம்பாக்கத்து ஃப்ளோரில் செட்டுக்கு மேலே மரப்பலகை நடைபாதை கட்டி, அதிலிருந்து லைட்டுகளை இறக்கியிருப்பார்கள். முகத்துக்கு ஒன்று, நிழலை நிரப்ப ஒன்று, தலைமுடி ஓரம் பளபளக்கப் பின்னாலிருந்து ஒன்று. ஆள் நகர்ந்தால் அவர் போய் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் இதே மூன்று காத்திருக்கும். எல்லோரும் எங்கே நின்றாலும் நன்றாகத் தெரிவார்கள். ஆனால் இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. சுவரில் இரண்டு மூன்று நிழல் விழும், நள்ளிரவுக் குடிசையிலும் கதாநாயகியின் கூந்தல் ஓரம் மின்னும். அந்தக் கால ஒளிப்பதிவாளர்களுக்குத் திறமை போதாது என்று இதற்கு அர்த்தமில்லை. குறைந்த வேகமுள்ள (அதிக வெளிச்சம் கேட்கும்) ஃபிலிம், கனமான கேமரா, நாளுக்கு இத்தனை ஷாட் என்ற கெடு ஆகியவற்றுக்கு ஏற்ற தீர்வு அது.

அந்த வழக்கத்தை உடைத்ததில் பாலு மகேந்திரா தனி ஆளும் இல்லை. சத்யஜித் ரேயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1956-இலேயே 'அபராஜிதோ'வின் செட்டுக்கு மேலே துணியை விரித்து, லைட்டை அதில் பட்டுத் திரும்ப வைத்து, முற்றத்து வானத்தின் வெளிச்சத்தை உண்டாக்கிவிட்டார். தமிழில் '16 வயதினிலே' படத்தில் நிவாஸும் 'உதிரிப்பூக்கள்' படத்தில் அசோக்குமாரும் அதே ஆண்டுகளில் வெளிப்புறத்தில் பெரிய வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாலு மகேந்திராவின் பங்கு வீட்டுக்குள்ளே. ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு முகம்: இவ்வளவு போதும் என்று அவர் வர்த்தக சினிமாவிலேயே காட்டினார்.

இனி கணக்கு. 1970களின் நடுவில் வந்த ஈஸ்ட்மன் 5247 நெகடிவின் வேகம் 100 ஏ.எஸ்.ஏ. (இந்த எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்). அதுவும் டங்ஸ்டன் விளக்குக்கு, அதாவது 3200 கெல்வின் என்ற மஞ்சள் வெளிச்சத்துக்குச் சமன் செய்யப்பட்டது. பகல் வெளிச்சத்தில் எடுக்க லென்ஸ் முன்னால் ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் போட வேண்டும். அது முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக விழுங்கிவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). கையில் மிஞ்சுவது 64. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்போது 100 ஏ.எஸ்.ஏ. ஃபிலிமுக்கு எஃப் 2.8-இல் (லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறைந்தால் திறப்பு பெரிது) சரியான எக்ஸ்போஷர் கிடைக்க முகத்தில் 100 ஃபுட் கேண்டில் (வெளிச்சத்தின் அளவை) வெளிச்சம் விழ வேண்டும். ஃபில்டர் போட்டால் அது 160 ஆகிறது. எஃப் 2-க்குத் திறந்தால் 80. எஃப் 1.4 வரை போனால் 40.

நேர் வெயில் விழாத ஒரு ஜன்னலுக்கு மூன்றடி தூரத்தில் தெளிவான பகலில் 100 ஃபுட் கேண்டில் அளவில் கிடைக்கும். ஏழடி உள்ளே போனால் 30-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆகவே ஜன்னலோரம் உட்கார்ந்தவரை எஃப் 2-இல் தாராளமாக எடுக்கலாம். அவர் எழுந்து அறையின் மறுகோடிக்கு நடந்தால் இருட்டில் கரைந்துவிடுவார். இங்கேதான் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒரே ஆளாக இருந்ததன் லாபம். வேறு ஒருவர் இயக்கினால் "அவ அங்க நடந்து போகணும்" என்பார், கேமராமேன் அங்கே ஒரு லைட் வைப்பார். பாலு மகேந்திராவுக்கு அந்தப் பேச்சு தேவைப்படவில்லை. முக்கியமான வசனத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நடந்து போகும்போது முகம் இருண்டாலும் பரவாயில்லாத இடத்தில் நடக்க விடுவார். அவருடைய கதாபாத்திரங்கள் வாசற்படியிலும் ஜன்னல் திண்டிலும் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பதற்கு உணர்ச்சிக் காரணம் மட்டும் போதாது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் காட்டும் காரணமும் சேர்ந்தே இருக்கிறது.

போதிய வெளிச்சம் கிடைத்த பிறகு அடுத்த சிக்கல், ஜன்னலுக்கு வெளியே இருப்பது. உள்ளே முகம் எஃப் 2.8 என்றால் வெயில் விழும் எதிர்வீட்டுச் சுவர் எஃப் 16. வித்தியாசம் ஐந்து ஸ்டாப். நெகடிவ் இதைப் பிடித்துவிடும். ஆனால் தியேட்டருக்குப் போகும் பிரிண்ட் காட்டும் வீச்சு அதைவிடக் குறுகியது, ஆகவே ஜன்னல் வெள்ளைக் காகிதம் ஒட்டியது போல் வெந்துபோகும். பணமிருந்தால் ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் நிற என்.டி. ஷீட் ஒட்டலாம், 0.6 என்றால் இரண்டு ஸ்டாப் குறையும், 0.9 என்றால் மூன்று. அந்த ஷீட் சுருங்கினால் கோடு கோடாகத் தெரியும், காற்றடித்தால் படபடக்கும். காசு செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. மரம் அடர்ந்த பக்கத்து ஜன்னலைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, இலைகள் வானத்தைவிட மூன்று ஸ்டாப் இருட்டு. ஜன்னல் ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும்படி கேமராவைத் திருப்பி வைப்பது இன்னொன்று. இல்லையென்றால் வெயில் ஏறுவதற்கு முன் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுவது. பாலு மகேந்திரா படங்களில் ஜன்னல் ஃப்ரேமுக்குள் இருந்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் பச்சையோ பனிமூட்டமோ இருப்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, முகத்தின் மறுபக்கம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. எதிர்ப்பக்கம் என்ன ஆகிறது என்பதைத்தான் அறையின் சுவர் தீர்மானிக்கிறது. வெள்ளையடித்த சின்ன அறையில் சுவரெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு கன்னமும் ஒன்றுபோல் ஆகி முகம் தட்டையாகும். ஜன்னல் ஒளியில் எடுத்தும் டியூப்லைட்டில் எடுத்ததுபோல் இருக்கிறதே என்று குழம்புகிறவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. அப்போது செய்ய வேண்டியது வெளிச்சத்தைக் கூட்டுவது அல்ல, முகத்தின் இருண்ட பக்கத்துக்கு மூன்றடி தள்ளி கறுப்புத் துணி தொங்கவிடுவது. சுவர் காரை பெயர்ந்து கறுத்திருந்தால் சிக்கல் நேர்மாறு. கன்னம் முழுக்கக் கறுத்துவிடும், அங்கே நாலடிக்கு இரண்டடி தெர்மாகோல் ஒன்றை நாலைந்தடி தூரத்தில் பிடித்தால் போதும். இருண்ட பக்கம் இரண்டு ஸ்டாப் கீழே நிற்பது நல்ல ஆரம்பம்: வெளிச்சப் பக்கம் எஃப் 2.8 என்றால் மறுபக்கம் 1.4. மூன்று ஸ்டாப் இறங்கினால் அந்தக் கால பிரிண்டில் அந்தப் பக்கக் கண்ணே காணாமல் போகும்.

இதில் தோல் நிறமும் சேருகிறது. மாநிறத் தோலில் பேன்கேக் மேக்கப் பூசினால் இரண்டு விஷயம் நடக்கும். முகம் கழுத்தைவிட ஒரு ஸ்டாப் வெளுக்கும். தோலில் இயல்பாக இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பும் செத்துவிடும். ஜன்னல் போன்ற பெரிய மென்மையான ஒளிக்கு அந்தப் பளபளப்புதான் பிடிமானம். கன்னமேட்டிலும் மூக்கின் ஓரத்திலும் ஜன்னலே சின்னதாகப் பிரதிபலித்து எலும்பின் வடிவத்தைக் காட்டுகிறது. ஷோபா, அர்ச்சனா போன்ற நடிகைகளை அவர் பூச்சில்லாமல் எடுத்ததைக் கொள்கை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கொள்கையும்தான். ஆனால் பூசியிருந்தால் அந்த வெளிச்சம் வேலையே செய்திருக்காது. மீட்டரிலும் ஒரு கவனம் வேண்டும்: ஸ்பாட் மீட்டரை (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) மாநிற முகத்தில் வைத்து அது சொன்னபடி திறந்தால், முகத்தை நடுச்சாம்பல் அளவுக்கு உயர்த்திவிடும், பின்னால் இருக்கும் வெள்ளைச் சட்டை வெந்துபோகும். அது சொல்வதிலிருந்து முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் மூடினால் தோல் தோலாக இருக்கும்.

லென்ஸை இவ்வளவு திறப்பதற்கு விலை உண்டு. 50 எம்.எம். லென்ஸ், எஃப் 2, ஆள் ஆறடி தூரம் என்றால் ஃபோகஸில் இருப்பது முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஐந்தங்குலம். எஃப் 1.4-இல் நாலங்குலம்கூடத் தேறாது. அழுதுகொண்டே தலையை முன்னால் சாய்த்தால் கண் ஃபோகஸை விட்டு வெளியே போய்விடும். ஸ்டுடியோ லைட்டில் எஃப் 5.6 வைத்து எடுத்தவர்களுக்குப் பதினைந்து அங்குலம் இருந்தது. ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரான ஃபோகஸ் புல்லர் டேப்பால் அளந்து, நடிகர் சாய்ந்தால் எங்கே வருவார் என்பதையும் தனியாக அளந்து, லென்ஸ் வளையத்தில் இரண்டு குறி போட்டு வைத்திருப்பார். அன்றைக்கு மானிட்டர் கிடையாது. சாஃப்ட் அடித்தது, அதாவது ஃபோகஸ் தவறியது, லேபில் கழுவிய ரஷ்ஷைப் பார்க்கும்போதுதான் தெரியும், அதற்குள் நடிகர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

நேரக் கணக்கு இன்னொரு தலைவலி. 400 அடி ரோல் நாலரை நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். ஜன்னல் வழியே தரையில் விழும் வெயில் கட்டம் காலை நடுப்பகுதியில் கால் மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி நகரும். வைட் ஷாட்டில் நடிகையின் பாதத்தருகே இருந்த வெயில், குளோசப் எடுத்து முடிப்பதற்குள் சுவரோரம் போயிருக்கும்; எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டினால் வெயில் தாவும். ஆகவே வெயில் கட்டம் தெரியும் வைட் ஷாட்டை முதலில் ஒரேயடியாக முடித்துவிட்டு, கட்டம் தெரியாத குளோசப்புகளைப் பிறகு எடுப்பார்கள். ஒரே ஜன்னலைப் பார்த்த கோணங்களையெல்லாம் சேர்த்து முடித்த பிறகுதான் கேமரா மறுபக்கம் திரும்பும். சூரியன் மறைந்த பிறகு வரும் நீல வெளிச்சம் சென்னைப் பக்கம் இருபது நிமிடம்தான் தாங்கும். ஒத்திகை பார்த்து வைத்திருந்தால் அதற்குள் மூன்று நான்கு ஷாட்.

மலைப்பிரதேசத்தில் கணக்கே வேறு. 'மூன்றாம் பிறை'யின் ஊட்டியைப் பார்த்தவர்கள் பனிமூட்டத்தின் அழகைச் சொல்வார்கள். அங்கே கேமராமேனைத் தொல்லை செய்வது மேகம்: ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூரியனை மூடினால் இரண்டிலிருந்து மூன்று ஸ்டாப் இறங்கிவிடும். கையை லென்ஸ் திறப்பை மாற்றும் ஐரிஸ் வளையத்தில் வைத்துக்கொண்டே எடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பின்னணி மெல்ல மூச்சு வாங்குவதுபோல் தெரியும். மேகம் மூடும் வரை காத்திருந்து எல்லாவற்றையும் அதே நிழல் வெளிச்சத்தில் முடிப்பதுதான் பாதுகாப்பு. மூட்டத்தை ஸ்பாட் மீட்டர் சொன்னபடி எடுத்தால் அது சாம்பலாக வரும், வெள்ளையாக வேண்டுமென்றால் ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். இரண்டில் எது என்பது ரசனை. சாம்பல் மூட்டம் துக்கத்துக்கு நெருக்கம்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சி நடப்பது ஊட்டிக்கு அருகிலுள்ள கேத்தி ரயில் நிலையத்தில், மழையில். மழை நாளின் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து மட்டும் வரும். புருவ எலும்பின் நிழலில் கண் குழிந்து இருண்டுவிடும். பிளாட்பாரக் கூரையின் விளிம்புக்குள் ஓரடி தள்ளி ஆளை நிறுத்தினால் கூரை மேல் வெளிச்சத்தை வெட்டிவிடும், தண்டவாளப் பக்கமிருந்து வரும் வெளிச்சம் மட்டும் கண்ணுக்குள் விழும். மழைத் தாரையோ இருண்ட பின்னணி இருந்தால்தான் தெரியும்; வெளுத்த வானத்தை எதிர்த்து வைத்தால் ஆள் நனைவது தெரியும், மழை தெரியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். கமலின் நடிப்பைப் பற்றிச் சொல்லாதவர்கள் இல்லை, அவர் கண் நமக்குத் தெரிவது யார் தயவில் என்பதையும் கொஞ்சம் பேசலாம்.

'வீடு' (1988) இந்த வகையில் அவருடைய மிகக் கடினமான படம். பார்க்க அப்படித் தெரியாது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் எடுப்பதென்றால் ஜன்னல் இருக்காது, ஜன்னலுக்கான ஓட்டைதான் இருக்கும். நிலைக்கதவு இல்லை, சில நாள் கூரையே இல்லை. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வந்து ஒன்றையொன்று அழிக்கும். பூசாத செங்கல் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் சிவப்பு. அதன் பக்கத்தில் நிற்பவரின் நிழல் பக்கம் செம்மண் நிறம் ஏறும். அடுத்த வாரம் சிமெண்ட் பூசியதும் அதே இடம் சாம்பலாகிவிடும். ஒரே அறையில் இரண்டு வாரத்தில் இரண்டு நிறத் தோல். லேபில் ஷாட் ஷாட்டாகச் சரி செய்ய வேண்டும், அல்லது அந்த மாற்றத்தைக் கதைக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். 'வீடு' வாங்கிக்கொண்டது. கட்டடம் வளர வளர வெளிச்சம் குறைந்து, அறைகள் உருவாகி, நிழல் பிறக்கிறது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா அந்த வீட்டைப் பார்க்க வரும் இடத்தில் அந்த வெளிச்சம் செய்யும் வேலையை எந்தப் பின்னணி இசையும் செய்ய முடியாது. இந்தப் படத்துக்காக அர்ச்சனாவுக்கும், சிறந்த தமிழ்ப் படம் என்று படத்துக்கும் தேசிய விருதுகள் வந்தன.

கேமரா பற்றியும் ஒரு வார்த்தை. வெளிப்புறத்துக்கு அப்போது எல்லோரும் தூக்கியது ஆரிஃபிளெக்ஸ் 2சி. கையில் பிடிக்கலாம், குறுகிய சமையலறைக்குள் நுழையும், ஆனால் தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும். பின்னர் டப்பிங் பேசிக்கொள்வது வழக்கமாக இருந்ததால் அந்தச் சத்தம் யாரையும் தடுக்கவில்லை. நேரடி ஒலிப்பதிவு கட்டாயமாக இருந்திருந்தால் தமிழ் சினிமா இவ்வளவு சீக்கிரம் நிஜ வீடுகளுக்குள் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

1980களின் தொடக்கத்தில் 250, பிறகு 400 ஏ.எஸ்.ஏ. நெகடிவுகள் வந்தன, மற்றவர்களுக்கும் ஜன்னல் வெளிச்சம் எளிதானது. கடைசிப் படமான 'தலைமுறைகள்' (2013) டிஜிட்டலில் எடுக்கப்பட்டது, தாத்தாவாக அவரே நடித்தார். 800 ஐ.எஸ்.ஓ.வில் (ஏ.எஸ்.ஏ.வின் இன்றைய பெயர்) எஃப் 2.8-க்கு 12 ஃபுட் கேண்டில் போதும். ஒரு காலத்தில் ஏழடி உள்ளே மறைந்துபோன முகம் இப்போது தாராளமாகத் தெரியும். வசதி வந்ததும் அவர் தன் முறையை மாற்றவில்லை. சென்னையில் நடத்திய சினிமாப் பட்டறையிலும் அதையேதான் கற்பித்தார். உதவியாளர்களைத் தினம் சிறுகதை படிக்கச் சொன்னவர் அவர், கதைக்குள் ஒரு பகல் எப்படி நகர்கிறது என்று தெரியாதவன் வெளிச்சத்தை எங்கே வைப்பான்? பாலாவும் வெற்றிமாறனும் ராமும் சீனு ராமசாமியும் அவரிடமிருந்து வந்தவர்கள். 2014 பிப்ரவரி 13 அன்று சென்னையில் காலமானார்.

இந்த வேலையெல்லாம் இன்று நம் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது வருத்தமான கதை. 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகிய படங்களின் நெகடிவ்கள் இல்லை என்று அவரே வருந்திச் சொல்லியிருக்கிறார். அந்தக் கால நெகடிவ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் கொண்டது. 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையிலேயே ஏறக்குறைய 40 ஆண்டில் அது சிதையத் தொடங்கும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும், ஃபிலிம் சுருங்கி வளையும். ஏ.சி. இல்லாத சென்னைக் கிடங்கில் அதற்குப் பாதி ஆயுள்கூட எதிர்பார்க்க முடியாது. ஒன்று சிதைந்தால் அந்த அமில ஆவி பக்கத்து டப்பாக்களையும் பிடிக்கும்.

நெகடிவ் போனால் மிஞ்சுவது தியேட்டரில் ஓடிய பிரிண்ட். 1980களின் தொடக்கம் வரை வந்த ஈஸ்ட்மன்கலர் பிரிண்டில் சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்கும், படம் முழுக்கச் சிவந்துபோகும். இணையத்தில் கிடைக்கும் பழைய பதிப்புகளைப் பார்த்துவிட்டு "பாலு மகேந்திராவின் அந்தச் செம்பழுப்பு டோன்" என்று எழுதுகிறவர்கள் சாயம் போனதைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது போதாதென்று டி.வி.க்கு மாற்றியவர்கள் இருட்டாக இருக்கிறது என்று நிழல்களை வெளுப்பாக்கும் காமாவை ஏற்றிவிட்டார்கள். இரண்டு ஸ்டாப் கீழே கவனமாக வைத்த கன்னம் அரை ஸ்டாப்புக்கு வந்து, முகம் அப்பளமாகிவிட்டது. அகலத் திரைப் படங்களில் ஓரங்களும் வெட்டுப்பட்டன. வீட்டில் பார்க்கும்போது டி.வி.யில் 'விவிட்' மோடை அணைத்து, பிரைட்னஸைக் குறைத்து, நிறத்தைக் கொஞ்சம் நீலப் பக்கம் தள்ளினால் அசலுக்குச் சற்று நெருங்கலாம். முழுமையாக மீட்க வேண்டுமென்றால் அதிகம் ஓடாத ஒரு பிரிண்டைத் தேடிப் பிடித்து 4கே-இல் ஸ்கேன் செய்து, மங்கிய சயானைச் சேனல் வாரியாகத் தூக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் பிரிண்டில் ஏற்கெனவே கறுத்துப்போன நிழலுக்குள் இருந்தவை திரும்பி வராது. அவை நெகடிவில் மட்டும்தான் இருந்தன.